செம்புக் கம்பி போன தூரம்: திண்டுக்கல்லும் பிராட்பேண்ட் மோடமும்

2004-ம் வருஷம் அக்டோபர் மாதம். நாலே நாள் இடைவெளியில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

அக்டோபர் 14-ம் தேதி மத்திய அரசு டெல்லியில் 'பிராட்பேண்ட் கொள்கை 2004' என்ற அறிவிப்பை வெளியிட்டது. அக்டோபர் 18-ம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் தமிழ்நாட்டில் மூன்று 'கிராம வள மையங்களை'த் தொடங்கி வைத்தார். இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அமைத்தவை இவை. ஒன்று திருவையாறு, இன்னொன்று ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் தங்கச்சிமடம், மூன்றாவது திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டி!

செம்பட்டி எங்கே இருக்கிறது? திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில், இருபது கிலோமீட்டர் சொச்சத்தில். அந்த ஊருக்கு இணைப்பு செயற்கைக்கோள் வழியாக ஆகாயத்திலிருந்து வந்தது. திண்டுக்கல் டவுனுக்கோ அடுத்த சில வருஷங்களில் பிராட்பேண்ட் தெருக்கம்பத்து டெலிபோன் கம்பி வழியாக வந்தது. ஒரே மாவட்டம், அரை மணி நேர பஸ் பயணம். அதற்குள் ஏன் இப்படி இரண்டு வழி?

இதற்கான பதில் வீட்டு மேஜையில் பச்சை விளக்கு மினுக்கிக் கொண்டிருந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. மோடம்! அதன் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கீச்... கொர்ர்... காலம்

மோடம் என்பது 'மாடுலேட்டர் - டிமாடுலேட்டர்' என்ற இரண்டு வார்த்தைகளின் சுருக்கம். கம்ப்யூட்டர் பேசுவது 0, 1 என்ற பாஷை. டெலிபோன் கம்பியோ மனுஷக் குரலுக்காகப் போட்டது. இந்தப் பக்கம் எண்ணை ஒலியாக்கி அனுப்பி, அந்தப் பக்கம் ஒலியை மறுபடி எண்ணாக்குவதுதான் மோடத்தின் வேலை. மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விஎஸ்என்எல் நிறுவனம் மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை என்று பெருநகரங்களில்தான் ஆரம்பித்தது. திண்டுக்கல்லில் இருப்பவர் ஆசைப்பட்டால் சென்னைக்கு எஸ்டிடி போட்டு, அந்த எஸ்டிடி கட்டணத்தோடு சேர்த்து இணையக் கட்டணமும் கட்ட வேண்டும். எஸ்டிடி பூத்தில் சிவப்பு மீட்டர் ஓடுவதைப் பார்த்துக் கொண்டே ஊருக்குப் பேசிய தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய செலவு என்று சொல்லத் தேவையில்லை.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே (பின்னாளில் சிஃபி) முதல் தனியார் சேவையைத் தொடங்கியது. 2000 அக்டோபர் 1-ல் அரசுத் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பிரிந்து பிஎஸ்என்எல் பிறந்தது. அதன் 'சஞ்சார்நெட்' சேவையில் 172233 என்ற எண்ணுக்கு டயல் செய்தால் போதும், எஸ்டிடி தேவையில்லை. மாவட்டத் தலைநகரங்களுக்கு இது பெரிய மாற்றம்.

ஆனால் தொல்லைகள் தீரவில்லை. டயல்-அப் மோடத்தின் உச்ச வேகம் 56 கேபிபிஎஸ். 1998-ல் வந்த வி.90 என்ற தரத்தின் எல்லை அது. நடைமுறையில் அதுவும் கிடைக்காது. கணக்குப் போட்டால் நொடிக்கு 7 கிலோபைட். 5 எம்பி அளவுள்ள ஒரு பாட்டை இறக்க 12 நிமிஷம் ஆகும், நடுவில் லைன் கட் ஆகாமல் இருந்தால்! இன்னொரு கொடுமை, இணையத்தில் இருக்கும்போது டெலிபோன் எங்கேஜ்டாகவே இருக்கும். வெளியூரிலிருந்து முக்கியமான சேதி சொல்லக் கூப்பிட்டவர்கள் திட்டிக் கொண்டே போனை வைத்த வீடுகள் எத்தனையோ.

ஒரே கம்பியில் இரண்டு வேலை

இதற்குத் தீர்வு அமெரிக்காவில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பெல்கோர் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜோசப் லெக்லைடர் 1980-களின் பிற்பகுதியில் ஒரு யோசனை சொன்னார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒரே கட்டாக நுழைகின்றன. எல்லா வீடும் பலமாக அனுப்பினால் ஒன்றன் சத்தம் இன்னொன்றில் ஏறும். அதனால் வீட்டுக்கு வரும் பக்கம் வேகமாகவும், வீட்டிலிருந்து போகும் பக்கம் மெதுவாகவும் வைத்தால் என்ன? இதுதான் ஏடிஎஸ்எல் என்பதில் முதலில் இருக்கும் 'ஏ' (அசிமெட்ரிக், அதாவது சமமில்லாதது). டெலிபோன் கம்பியில் சினிமா அனுப்பலாம் என்பதுதான் அன்றைக்கு இருந்த திட்டம். இணையம் பிறகு வந்து இடத்தைப் பிடித்துக் கொண்டது.

மனுஷக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேலே செம்புக் கம்பி சும்மாதான் கிடந்தது. ஏடிஎஸ்எல் அந்தக் காலி இடத்தை எடுத்துக் கொண்டது. சுமார் 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை அனுப்புவதற்கு, அதற்கு மேலே 1104 வரை பெறுவதற்கு. குரல் கீழே, டேட்டா மேலே. அதனால்தான் போன் பேசிக் கொண்டே நெட்டும் பார்க்க முடிந்தது.

பார்த்தீர்களா, புதிதாக ஒரு அடி கம்பிகூட இழுக்கத் தேவையில்லை! எக்ஸ்சேஞ்சில் டிஎஸ்லாம் என்ற கருவியை வைத்து, வீட்டில் ஒரு மோடத்தை வைத்தால் முடிந்தது. ஊர் முழுக்க டெலிபோன் கம்பி வைத்திருந்த அரசு நிறுவனத்துக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். கோயில் திருவிழா மைக்செட்டைத் தூரத்திலிருந்து கேட்டிருப்பீர்கள். 'டம் டம்' என்று அடி மட்டும் கேட்கும், பாட்டின் வார்த்தை புரியாது. உயர்ந்த அதிர்வெண் சீக்கிரம் தேய்ந்து விடும், தாழ்ந்தது தூரம் போகும். செம்புக் கம்பியிலும் இதே கதைதான். எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி நாலைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டால் குரல் தெளிவாகக் கேட்கும், பிராட்பேண்ட் மட்டும் நொண்டும். நேர்கோட்டுத் தூரம் அல்ல, கம்பி சுற்றி வரும் தூரம். இந்த ஒரு விஷயம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பொங்கல் சமயத்தில் வந்த டேட்டா ஒன்

2004 கொள்கைதான் இந்தியாவில் முதன்முதலாக பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கேபிபிஎஸ் என்று வரையறுத்தது. 2005 ஜனவரி 14-ல் பிஎஸ்என்எல் 'டேட்டா ஒன்' சேவையைத் தொடங்கியது. பெரிய நகரங்களில் ஆரம்பித்துப் படிப்படியாக மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்தது. 0451 என்ற எஸ்டிடி கோட் உள்ள லேண்ட்லைன் வீடுகளின் மேஜையில் ஹுவாவே, யுடிஸ்டார்காம் கம்பெனி மோடங்கள் உட்கார ஆரம்பித்தன.

மாட்டுவது சுலபம். சுவரிலிருந்து வரும் கம்பி முதலில் 'ஸ்ப்ளிட்டர்' என்ற சின்ன டப்பாவுக்குப் போகும். அதில் மூன்று ஓட்டைகள்: லைன், போன், மோடம். குரலையும் டேட்டாவையும் பிரித்து விடுவது அதன் வேலை. ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே இன்னொரு அறைக்கு எக்ஸ்டென்ஷன் இழுத்திருந்தால் போச்சு, அந்தப் போனில் மணி அடிக்கும்போதெல்லாம் நெட் அறுந்து விடும். 'நெட் வரலை' என்ற புகாருக்கு லைன்மேன் முதலில் தேடிப் பார்த்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

பிறகு விளக்குகள். பவர் விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது. ஏடிஎஸ்எல் விளக்கு மினுக்கினால் மோடம் எக்ஸ்சேஞ்சைத் தேடுகிறது, நிலையாக எரிந்தால் பிடித்து விட்டது. லேன் விளக்கு என்பது கம்ப்யூட்டரோடு உள்ள தொடர்பு. இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்தவர்தான் தெருவில் 'நெட் தெரிஞ்ச பையன்'!

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் உள்பக்கம் திறக்கும். அங்கே விபிஐ 0, விசிஐ 35 என்று இருக்க வேண்டும். 'பிரிட்ஜ்' முறையில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரில் கனெக்ட் பட்டனை அழுத்த வேண்டும். 'பிபிபிஓஇ' முறையில் வைத்தால் மோடமே இணைத்துக் கொள்ளும், எப்போதும் திறந்த குழாய் மாதிரி. இதில் எது நல்லது? இப்போது கேட்டால் இரண்டாவது என்போம். அன்றைக்குப் பல வீடுகளில் முதலாவதுதான் வசதி. காரணம், மாதக் கடைசியில் வரும் பில்!

எம்பி கணக்கு

2007-ஐ 'பிராட்பேண்ட் ஆண்டு' என்று மத்திய அரசு அறிவித்தது. அந்த ஜனவரியில் டேட்டா ஒன் வேகம் அதே வாடகையில் 2 எம்பிபிஎஸ் வரை உயர்ந்தது. (டாக்டர் படிப்பையும் தமிழில் இதே மாதிரிதான் எழுதுகிறோம், குழம்ப வேண்டாம்!)

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்போது காமர்ஸ் மூளையைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். பிரபலமாக இருந்த 'ஹோம் 500' திட்டத்தில் மாத வாடகை 500 ரூபாய், இலவச அளவு 2.5 ஜிபி. 2 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு சுமார் 250 கிலோபைட். 2.5 ஜிபியை அந்த வேகத்தில் வகுத்தால் 10,000 நொடி, அதாவது 2 மணி 47 நிமிஷம். முழு வேகத்தில் ஓடினால் ஒரு மாதத்துக்கான அளவு ஒரு மேட்னி ஷோ முடிவதற்குள் காலி! அதற்கு மேல் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு. வேகத்தைக் கூட்டி அளவைக் கூட்டாமல் விட்டால் பில்தான் வேகமாக ஏறும். விண்டோஸ் தானாக அப்டேட் இறக்கிய குற்றத்துக்குப் பிள்ளைகள் திட்டு வாங்கியது இதனால்தான்.

அதே திட்டத்தில் ஒரு வரமும் இருந்தது. நள்ளிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவே கிடையாது. ஆறு மணி நேரத்தில் முழு வேகம் கிடைத்தால் சுமார் 5.4 ஜிபி. ஒரே ராத்திரியில் ஒரு மாத அளவைப் போல இரண்டு மடங்கு! ராத்திரியில் எக்ஸ்சேஞ்ச் கருவி சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் சரக்கைத் தள்ளுபடியில் விற்பது பழைய வியாபாரத் தந்திரம்தான். ஒரு தலைமுறை மாணவர்கள் டவுன்லோடு போட்டு விட்டுத் தூங்கவும், அலாரம் வைத்து எழவும் பழகியது இந்த ஜன்னலால்தான்.

வியாபாரிகளுக்கும் இது தேவையாக இருந்தது. 2006-ல் கம்பெனிகளுக்கு வருமான வரி மின் தாக்கல் கட்டாயமானது. 2007 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது. பூட்டு, தோல், நூல் என்று வாழ்கிற ஊரில் ஆடிட்டர் ஆபீசுக்கு மோடம் என்பது கால்குலேட்டர் மாதிரி ஆனது.

கம்பி எட்டாத ஊர்கள்

இதெல்லாம் டவுன் கதை. மேற்கே ரெட்டியார்சத்திரம், கன்னிவாடி, வடக்கே வேடசந்தூர், கிழக்கே சாணார்பட்டி, கோபால்பட்டி என்று விரியும் சமவெளியில் எல்லா வீட்டிலும் லேண்ட்லைன் இருந்ததில்லை. இருந்த இடத்திலும் தோட்டத்து வீடுகள் எக்ஸ்சேஞ்சிலிருந்து வெகுதூரம். மின்னல் அடித்தால் மோடம் புகையும், குழி தோண்டினால் கேபிள் அறும். மோடத்தின் அந்த ஏடிஎஸ்எல் விளக்கு மினுக்கிக் கொண்டே இருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான்: நீங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு ரொம்பத் தூரம்.

இதைச் சரி செய்ய முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை எட்டும், வேகம் 35 அல்லது 70 கேபிபிஎஸ். 2001-ல் இதை வைத்து நத்தத்துக்கு அந்தப் பக்கம் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. தாலுகா ஆபீசுக்கு மனு அனுப்புவது, கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவது எல்லாம் அங்கே நடந்தன. ஆனால் வருமானம் கட்டுப்படியாகாமல் பல மையங்கள் சில வருஷங்களில் மூடப்பட்டன. செம்பட்டியில் இறங்கிய செயற்கைக்கோள் இணைப்புக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அது ஊருக்கு ஒரு மையம், வீட்டுக்கு ஒரு மோடம் அல்ல.

கொள்கையில் ஒரு முக்கியமான முடிவும் இருந்தது. 2004 ஏப்ரலில் டிராய் அமைப்பு, பிஎஸ்என்எல் கம்பியை வாடகைக்கு எடுத்து மற்ற நிறுவனங்களும் பிராட்பேண்ட் தர அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அக்டோபரில் வந்த கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. பொதுப் பணத்தில் போட்ட கம்பியைத் தனியார் ஏன் மலிவாக அனுபவிக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். கம்பி இருந்தும் போட்டியில்லாததால் விலையும் சேவையும் ஒருவர் கையில் நின்றன என்பது மறுபக்கம். திறந்து விட்டிருந்தாலும் தனியார் முதலில் டவுனுக்குத்தான் போட்டியிட்டிருப்பார்கள், கன்னிவாடிக்கு அல்ல. ஆனால் டவுனில் போட்டி வந்திருந்தால் அந்த 2.5 ஜிபி கணக்காவது சீக்கிரம் மாறியிருக்கும்.

விளைவை எண்களில் பாருங்கள். 2005 கடைசிக்குள் 30 லட்சம் இணைப்பு என்பது கொள்கையின் இலக்கு, வந்தது சுமார் 9 லட்சம். 2007-க்கு 90 லட்சம், வந்தது சுமார் 31 லட்சம். 2010-க்கு 2 கோடி, வந்தது சுமார் 1 கோடியே 10 லட்சம். ஒரு தடவைகூட இலக்கை எட்டவில்லை. ஏற்கெனவே இருக்கும் கம்பியை நம்பிப் போட்ட திட்டம், அந்தக் கம்பி எவ்வளவு தூரம் போயிருந்ததோ அவ்வளவு தூரம்தான் போனது.

பூட்டு ஊரில் ஒரே சாவி

இந்தக் கதையில் ஒரு கிளைக்கதையும் உண்டு. மோடத்துக்குள் நுழைய யூசர்நேம் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான். மாற்றியவர்கள் குறைவு. 2017 ஜூலையில் நாட்டின் பல இடங்களில் பிஎஸ்என்எல் மோடங்களை மால்வேர் தாக்கியது. மாட்டியவை பாஸ்வேர்டு மாற்றாத மோடங்கள். உடனே மாற்றச் சொல்லி நிறுவனம் கேட்டுக் கொண்டது. ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி செய்வதில் பேர் வாங்கி, 2019-ல் புவிசார் குறியீடும் பெற்ற ஊர் திண்டுக்கல். அந்த ஊரிலும் மோடங்களுக்கு மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே சாவி! இன்றைக்கு வீட்டில் இருக்கும் வைஃபை பெட்டிக்கும் இது பொருந்தும், மாற்றாதவர்கள் இன்றே மாற்றி விடுங்கள்.

கம்பி போய் ஒளி வந்தது

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்த பிறகு மோடமே இல்லாமல் கைக்குள் இணையம் வந்து விட்டது. 256 கேபிபிஎஸ் என்ற பழைய வரையறை 2013-ல் 512 ஆகி, 2023-ல் 2 எம்பிபிஎஸ் ஆனது. 2020 ஜனவரி 31 அன்று 78,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். எந்தக் கம்பத்தில் எந்த வீட்டுக் கம்பி என்று மனப்பாடமாகத் தெரிந்த லைன்மேன்களும் அதில் போனார்கள். செம்புக்கு அதுவே கிட்டத்தட்ட முடிவுரை.

அதன் இடத்தில் இப்போது கண்ணாடி இழை. வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் முறையில் ஒளி 20 கிலோமீட்டர் வரை தாக்குப் பிடிக்கும். கிட்டத்தட்ட திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி தூரம்! 2004-ல் செம்புக் கம்பியால் முடியாததைச் செய்யக்கூடிய கம்பி இது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் கொண்டு போக 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டம்தான் பாரத்நெட். தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனத்தின் மூலம் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அது திட்டமிடப்பட்டது.

அப்படியானால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லையா? தொழில்நுட்பத்தில் இல்லை. ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்த இழையைத் தோட்டத்து வீடு வரை இழுப்பவர் யார், அந்தச் செலவு யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 2018 முதல் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கே ஆன்லைனுக்குப் போய் விட்டது. கோபால்பட்டிப் பையனுக்கும் டவுன் பையனுக்கும் பட்டன் அழுத்தக் கிடைக்கும் நேரம் ஒன்றுதான். ஏற்கெனவே இருக்கும் கம்பி போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதை 2005, 2007, 2010 என்று மூன்று தடவை இலக்கு தவறிய அந்தக் கணக்கே சொல்லி விட்டது. அந்தக் கடைசி ரெண்டு கிலோமீட்டருக்கு முதலிலேயே பணம் ஒதுக்கினால்தான் இந்த முறையாவது கணக்கு நேராகும்.